ஒரு போத்தில் பெற்றோல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகவே படியேறி வந்து, வெள்ளவத்தையில் என் வீட்டு மணியை அடித்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டது.

“அண்ணை, இந்த இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிளில பெற்றோல் முடிஞ்சா என்ன நடக்கும்?”

கேட்டவர் பேர்ணடெற். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, கலியாணம் செய்து கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். அவருடைய கணவர் றேமண்டும் நானும் துறைமுகத்துச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு கம்பனியில் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்து வேலை செய்தோம். போன வருடம், 2008இல், ஒரு மாலை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் றேமண்ட் காணாமற்போனார். வண்டி மாளிகாவத்தையில் ஒரு குறுகலான ஒழுங்கையில் கிடைத்தது. தாங்கியில் பெற்றோல் இல்லை. அவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் ஞாயிறு பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற சிலரில் பேர்ணடெற்றும் ஒருவர். அந்த நம்பிக்கையை நான் ஒருபோதும் கெடுத்ததில்லை. என்னிடம் வேறு சொத்து இல்லை.

“எனக்குத் தெரியாது, தங்கச்சி. என்ரை பழைய வண்டி. விசாரிச்சுச் சொல்லுறன்.”

“சொல்ல வேண்டாம், எழுதித் தாங்கோ. இப்ப காதில கேக்கிறது ஒண்டும் எனக்குள்ள நிக்குதில்லை.”

இதுதான் தொடக்கம். இதைவிட அழகான தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். அவற்றின் கதியையும் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

2

முதல் தொடக்கம்: “மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மாளிகாவத்தை ஒழுங்கையொன்றில், ஒரு மோட்டார் சைக்கிள் தனியே…”

(அன்றைக்கு மழை தூறியதா என்று எனக்குத் தெரியாது. காணாமற்போனவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக மழையைக் கொண்டுவருகிறது. வெட்டினேன்.)

இரண்டாவது: “எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் வாழும் தமிழர்களுடைய நிலை…”

(பேர்ணடெற் சரித்திரம் கேட்கவில்லை. வெட்டினேன்.)

மூன்றாவது: “றேமண்ட் மேசையில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய்ப் பை வைத்திருப்பார். சுங்க அதிகாரி கத்தினால் அவருக்கும் ஒன்று நீட்டுவார். அந்தப் பை இன்னும்…”

(இது உண்மை. ஆனால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்தப் பை எனக்கு எதிரே, அவர் விட்ட இடத்தில் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை.)

எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிஞ்சியது அந்தக் கேள்விதான். சரி, வண்டியைப் பற்றியே எழுதுவோம் என்று கொட்டாஞ்சேனையில் வண்டி திருத்தும் நிக்கலஸிடம் போனேன்.

3

“பெற்றோல் முடிஞ்சா நிக்கும் சேர். வேற என்ன, பறக்கவா போகுது?” என்றான் நிக்கலஸ். அவனுக்கு அன்றைக்கு வேலை அதிகம். நான் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து மிச்சத்தையும் சொன்னான்.

“உங்கட பைக்ல டாங்குக்குக் கீழ ஒரு டெப் இருக்கில்ல? பெற்றோல் முடிஞ்சா அத றிசேர்வுக்குத் திருப்பிட்டு பெற்றோல் ஷெட் வரைக்கும் போயிரலாம். இன்ஜெக்ஷன் பைக்ல அந்த டெப்பே இல்ல சேர். டாங்குக்குள்ள ஒரு பம்ப் இருக்கு. அது இருக்கிற எல்லாத்தயும் இழுத்து இஞ்சினுக்குக் குடுத்திரும். கடைசில ரெண்டு தரம் முக்கும், அப்பிடியே நிண்டிரும். பொறவு ஊதினாலும் சரி, உருட்டினாலும் சரி, பெற்றோல் ஊத்தாம அசையாது.”

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். என்னுடைய பழைய வண்டி ஒரு முறை எச்சரித்து, ஒரு முறை மன்னிக்கும். றேமண்டின் வண்டி மீற்றரில் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுத் தன் பாட்டில் ஓடும். பார்க்கிறவனுக்குத்தான் அந்த விளக்கு.*

* அந்தப் பம்ப்பைக் குளிராக வைத்திருப்பதும் பெற்றோல்தானாம். வெறுந்தாங்கியோடு யாராவது ஸ்டார்ட்டரை அமத்திக்கொண்டே இருந்தால் பம்ப் கருகிப்போகலாம். அப்படியென்றால் றேமண்டின் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், பெற்றோல் முடிந்தபோது வண்டியில் ஆள் இருந்தாரா என்று தெரியுமே என்று கேட்டேன். “மாசக்கணக்கா பொலிஸ் வளவுல மழைல கெடந்த பைக் சேர் அது. உள்ளுக்கு முழுக்கக் கறள் புடிச்சுக் கெடக்கு. நான் பைக் திருத்திறவன், சாத்திரக்காரன் இல்ல” என்றான். அடிக்குறிப்பு இங்கே முடிகிறது. அதோடு ஒரு வழியும் அடைபட்டது.

மற்ற வழிகளை வேறு ஆட்கள் அடைத்துவிட்டார்கள். அந்த வருடம் கொழும்பில் சொந்தக்காரன் இல்லாமல் நிற்கிற மோட்டார் சைக்கிளை யாரும் மோட்டார் சைக்கிளாகப் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் பொலிஸார் ஒழுங்கையை மறித்து, வண்டியில் கயிறு கட்டி, தூரத்தில் நின்று இழுத்து விழுத்தினார்கள். வெடிக்கவில்லை. மூடியைத் திறந்தார்கள், ஒரு சொட்டும் வரவில்லை. திறப்பு சாவித் துவாரத்திலேயே, போட்டபடி இருந்தது. பற்றரி இறங்கியிருந்தது. வண்டியை யாராவது ஸ்டாண்டில் போட்டிருந்தார்களா, மதிலில் சாய்த்திருந்தார்களா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். மோட்டார் சைக்கிள்கள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, பேர்ணடெற்றைக் கூப்பிட்டு, பதில் இதுதான் என்று கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். எழும்பவில்லை.

4

“அண்ணை, அதுக்கு முதல் நாள் பின்னேரம் நான் அந்த டாங்கில இருந்து ஒரு போத்தில் பெற்றோல் எடுத்தனான்” என்றார்.

நான் யாழ்ப்பாணத்தான். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வரவிடவில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் போத்தில் இருந்தது. பேர்ணடெற் வீட்டில் அது மாதா சொரூபத்துக்குப் பின்னால் இருந்ததாம். அவருடைய தாய்க்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் போத்தில்தான். தாய் பிழைத்தார். அதற்குப் பிறகு, வீட்டில் ஒரு போத்தில் பெற்றோல் இல்லாவிட்டால் பேர்ணடெற்றுக்கு நித்திரை வராது.

கொழும்புக்கு வந்தும் அவர் அதை விடவில்லை. றேமண்ட் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். பெற்றோல் இல்லாத ஊரை அவர் கண்டதில்லை. “இங்க யார் உமக்குப் பெற்றோல நிப்பாட்டப் போறா?” என்று சிரிப்பாராம். அவருடைய பழைய வண்டியில் குழாயைக் கழற்றி, ஒரு போத்தில் பிடித்து, திரும்ப மாட்டிவிடுவது பேர்ணடெற்றுக்கு ஒரு நிமிட வேலை. வழியில் பெற்றோல் குறைந்தால் றேமண்ட் றிசேர்வுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். கொஞ்ச நாளில் அந்தப் போத்திலையும் அவரே எடுத்துத் தாங்கியில் ஊற்றிவிடுவார். பேர்ணடெற் புதிதாகப் பிடிப்பார். இப்படியே இருவரும் பல வருடங்கள் சந்தோசமாக இருந்தார்கள்.

பிறகு றேமண்டின் தம்பி வலன்ரைன், கப்பலில் வேலை செய்கிறவன், தன் புது வண்டியைத் தமையனிடம் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனான். அது இன்ஜெக்ஷன் வண்டி.

“இதில கை வைக்காதேயும் எண்டு இவர் சொன்னவர், அண்ணை. நானும் வைக்கேல்லை. பேந்து புலியளின்ரை அந்தப் பிளேன் வந்து, கொழும்பு முழுக்க லைற்றை நிப்பாட்டிச்சினமே. அடுத்த நாள் ஷெட்டில எல்லாம் கியூ. பெற்றோல் வராதாம் எண்டு சனம் கதைச்சது. எனக்குப் பழையபடி நெஞ்சு இடிக்கத் தொடங்கீற்றுது. சேலைன் குழாயை விட்டு வாயால இழுத்து எடுத்தனான். காலமை சொல்லுவம் எண்டு இருந்தனான். அவர் அவசரத்தில வெளிக்கிட்டுப் போட்டார்.”

மஞ்சள் விளக்கு? றேமண்டின் பழைய வண்டியில் மீற்றர் முள் செத்து எத்தனையோ காலம்; மீற்றரைப் பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெற்றோல் அடித்தால் சனிக்கிழமை வரை ஓடும் என்பதுதான் அவருடைய மீற்றர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

“அந்தப் போத்தில்?”

“குசினியில, அரிசி வாளிக்குப் பின்னால இருக்கு. அவர் வந்து ஊத்தட்டும்.”

பெற்றோல் போத்திலை வீட்டில் வைத்திருந்து சோதனையில் பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததல்ல.

அன்றைக்குத்தான் அவர் கொண்டுவந்த கேள்வி எனக்கு விளங்கியது. அல்லது விளங்கியது என்று நினைத்தேன். என் போத்திலால்தான் அவர் நடுவழியில் நின்றாரா? இதுதான் கேள்வி. இதற்கு ‘இல்லை’ என்று ஒரு கதை எழுதிக் கொடுக்க முடியுமானால், இத்தனை வருடம் எழுதியதற்கு ஒரு பிரயோசனம் இருக்கும் என்று பட்டது.

5

முதலில், ‘ஓம், அதால்தான்’ என்கிற கதை. நேர்மைக்காக அதையும் எழுதினேன்.

றேமண்ட் களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். (அங்கே கால் முறிந்து கிடந்தவன் நான். என்னைப் பார்க்கத்தான் வந்தார். பேர்ணடெற் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.) நேர் வீதியை மறித்திருக்கிறார்கள். யாரோ ஒரு பெரிய அரசியல் புள்ளி போகிறார். றேமண்ட் மாளிகாவத்தை மாடிவீடுகளுக்குப் பின்னால் திருப்புகிறார். வண்டி ஒரு முறை முக்குகிறது. இன்னொரு முறை முக்குகிறது.

அவருடைய இடது கை முழங்காலுக்குக் கீழே போகிறது. றிசேர்வைத் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை.

(இந்த வரியை எழுதிய பிறகு நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன்.)

வண்டி நிற்கிறது. திறப்பைப் போட்டுப் போட்டு எடுக்கிறார். தாங்கிக்குள் பம்ப் கீச்சென்று இரைகிறது. அந்த நேரம் ரோந்து வருகிறது. ஒரு தமிழன், நிற்கக்கூடாத இடத்தில், உள்ளே எதுவோ இரைகிற ஒரு மோட்டார் சைக்கிளோடு. அடையாள அட்டையைப் பார்க்கிறார்கள். “பொட்டக் என்ன, அய்யே.” சிங்களத்தில், கொஞ்சம் வா அண்ணை என்கிறார்கள். போகிறார். திறப்பு வண்டியிலேயே இருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு ஓட்டை உண்டு. ரோந்து போனவர்கள் சந்தேகப்பட்ட வண்டியை விடியும்வரை அங்கேயே விட்டிருப்பார்களா? அதை அடைக்க எனக்குத் தெரியவில்லை. ஓட்டையோடு வைத்தேன்.

6

அடுத்து, ‘இல்லை’ என்கிற கதை.

அதே ஒழுங்கை. தாங்கியில் பெற்றோல் கொஞ்சம் இருக்கிறது. பின்னால் இலக்கத்தகடு இல்லாத ஒரு வெள்ளை வான் வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். றேமண்ட் இஞ்சினை நிறுத்தாமல் வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்குகிறார். பெயர் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் யாரும் அப்படித்தான் இறங்குவார்கள். வான் கதவு மூடுகிறது. வண்டி ஆளில்லாமல் ஓடிக்கொண்டே நின்று, இருந்த பெற்றோலைக் குடித்து முடித்து, தானாக அடங்குகிறது.

இந்தக் கதைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. ஒழுங்கை முனையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் பௌஸி சொல்கிறார்: “அது ஸ்டார்ட்ல ஈந்த தொர. மனிசனக் காணல்ல. கனநேரத்துக்குப் பொறவு தானா நிண்டிட்டு.”

இந்த ஒரு வரி போதும். பெற்றோல் முடிந்தபோது றேமண்ட் அங்கே இல்லை. தாங்கியில் இன்னொரு போத்தில் இருந்திருந்தால் வண்டி இன்னும் கொஞ்ச நேரம் அநாதையாக இரைந்திருக்கும், அவ்வளவுதான். பேர்ணடெற் மேல் ஒரு பழியும் இல்லை.

இனி நீங்கள் மட்டும் கேளுங்கள். பௌஸி உண்மையான ஆள். கடையும் உண்மை. ஊன்றுகோலோடு போய், அவருடைய கடை வாங்கில் உட்கார்ந்து, பிளேன்ரீ குடித்துக் கேட்டேன். அவர் சொன்னது இது: “அண்டக்கி வெள்ளனயே கடயச் சாத்திட்டன் தொர. ஒண்டும் பாக்கல்ல. ஒண்டும் கேக்கல்ல.”

மேலே இருக்கிற வரி நான் அவர் வாயில் வைத்தது. அதிலும் ஓட்டை உண்டு. அந்த நாட்களில் ஆளில்லாத வண்டியொன்று இரைந்துகொண்டு நின்றால் ஒழுங்கைச் சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒண்டும் கேக்கல்ல என்று சொன்னபோது பௌஸி என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கற்பனை செய்தது, அவர் சொல்லப் பயந்த உண்மையாகவே இருந்துவிட்டால்?

7

கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பேர்ணடெற்றுக்கு வாசித்துக் காட்டினேன். நடையில், பொலிஸ் திருப்பிக் கொடுத்த வண்டி ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டு நின்றது. ஆறாம் பகுதியில் ‘இனி நீங்கள் மட்டும் கேளுங்கள்’ என்ற இடத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். அவருடைய முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு நன்றியையும் எதிர்பார்த்தேன்.

“அப்ப இஞ்சின் ஓடிக்கொண்டு நிண்டது எண்டு அந்தக் கடைக்காரர் சொன்னவரோ?”

“ஓம்” என்றேன்.

“பெற்றோல் முடியேக்க இவர் அதில இல்லை.”

“இல்லை, தங்கச்சி. உங்கட போத்திலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அண்ணை, நான் உங்களிட்டை என்ன கேட்டனான்? பெற்றோல் முடிஞ்சா என்ன நடக்கும் எண்டு கேட்டனான். முடிஞ்சா மனிசர் இறங்குவினம். நிக்கிற மனிசரை ஆமி கண்டிருக்கும். கண்டா விசாரிக்கக் கொண்டு போயிருப்பினம். கொண்டு போனா எங்கையோ பேர் பதிஞ்சிருப்பினம். அப்பிடிப் போனவை ஒரு வருசத்தால, ரண்டு வருசத்தால வந்திருக்கினம். எங்கட லேனிலயே ஒராள் வந்தவர். வானில ஏத்தினவை ஆரும் வந்ததை நீங்கள் கண்டனீங்களோ?”

நான் காணவில்லை.

“எனக்குப் பழி வந்தா வரட்டும். என்ரை போத்திலாலதான் நிண்டது எண்டா நான் அதைத் தாங்குவன். அவர் வந்து என்னைப் பேசட்டும். ஆனா அந்த வானை நான் எப்பிடித் தாங்குறது?”

அவர் ஒரு சுமையை இறக்கி வைக்கத்தான் என்னிடம் வந்தார் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு மடையன். அந்தப் போத்தில் அவருடைய குற்றம் மட்டுமில்லை. றேமண்ட் உயிரோடு இருப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரமும் அதுதான். நான் கதை எழுதி அதைப் பறித்துவிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம், அந்த வரி நான் எழுதியது என்று. வாய் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

“எண்டாலும் எனக்காகப் பொய் எழுதாதேங்கோ, அண்ணை. அந்த மனிசன் சொன்னது உண்மையெண்டா அதையே எழுதுங்கோ. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிட்டைப் போட்டு உங்கட வீட்டை வாறன். முழுக்க எழுதி வையுங்கோ.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

8

இன்று செவ்வாய்க்கிழமை. கதை இவ்வளவுதான் வந்திருக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, எப்படியும் மத்தியானத்துக்கு முன் வந்துவிடுவார்.

முடிவு எழுத மேசைக்கு முன்னால் விடியற்காலையிலிருந்து இருக்கிறேன். எழுதியவை: “பௌஸி ஒன்றும் கேட்கவில்லை, தங்கச்சி. உங்கள் போத்திலால்தான்…” (முடிக்க முடியவில்லை.) “அந்த வான் வந்தது உண்மையாக இருக்கலாம், ஏனென்றால்…” (இதையும் முடிக்க முடியவில்லை.) “யாருக்குத் தெரியும்?” (இது ஒன்றுதான் முழு வசனம். இதை அவரிடம் வாசித்துக் காட்ட எனக்குத் துணிவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது இது மட்டுந்தான்.)

ஆகவே உங்களிடம் விடுகிறேன். பௌஸியின் அந்த வரி ஆறாம் பகுதியில் இருக்கிறது. பென்சிலும் அங்கேதான் கிடக்கிறது. வரியை வெட்டினால், பேர்ணடெற் தன் போத்தில்தான் கணவனை நடுவழியில் நிறுத்தியது என்று சாகும்வரை நினைப்பார். ஆனால் எங்கோ ஒரு முகாமில் ஒரு பெயர்ப் பட்டியலில் றேமண்ட் இருப்பார். வெட்டாமல் விட்டால் பேர்ணடெற் மேல் ஒரு குற்றமும் இல்லை. காத்திருக்கவும் ஆள் இல்லை.

கீழே கேற் திறக்கிற சத்தம் கேட்கிறது. படியில் செருப்புச் சத்தம். அவர் மெதுவாகத்தான் ஏறுவார்.

தேநீர் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார். இருந்தாலும் நான் குசினிக்குப் போய்க் கேத்திலை வைக்கிறேன். கதவுக்குக் கிட்ட இருப்பது நீங்கள்தான்.